இடையும் இடுப்பும்: ஒரு விதிப்புத்தகத்தை வாசித்தல்

ஐபிஎஸ்சி என்று சுருக்கமாக அழைக்கப்படும் சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் விதிப்புத்தகத்தில் ஐந்தாவது அத்தியாயம் கருவிகளைப் பற்றியது. துப்பாக்கி உறையையும் மேகசின் பைகளையும் தாங்கும் பெல்ட்டை எங்கே கட்ட வேண்டும் என்று அதில் ஒரு விதி வருகிறது. இடை மட்டத்தில் கட்ட வேண்டும். கால்சட்டையில் நிரந்தரமாகத் தைத்த மூன்று வளையங்களாவது அதைப் பிடித்திருக்க வேண்டும், அல்லது வேறு வகையில் அசையாமல் இருக்க வேண்டும். அடுத்த வரியில் ஒரு விதிவிலக்கு: பெண் போட்டியாளர்கள் அந்தப் பெல்ட்டை இடுப்பெலும்பு மட்டத்தில் கட்டிக்கொள்ளலாம். மேலே இன்னொரு பெல்ட் அணிந்திருந்தால், துப்பாக்கியும் மற்றவையும் கீழே இருக்கும் பெல்ட்டில்தான் இருக்க வேண்டும்.

புடவை கட்டுகிறவர்களுக்கு எது இடை, எது இடுப்பு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொசுவம் செருகும் இடம் ஒன்று, குடத்தையும் குழந்தையையும் தாங்கும் இடம் வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள சில அங்குலங்கள், ஓர் ஆயுத விளையாட்டின் விதிப்புத்தகத்தில் தனி எண் போட்ட விதியாக நிற்கின்றன. அது எப்படி வந்து நின்றது என்று யோசிக்கத் தொடங்கியபோதுதான் அந்தப் புத்தகம் முழுவதையும் பெண்ணாக வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

துப்பாக்கிகள் மீது எனக்கு மோகம் கிடையாது. வீட்டுக்குள் வைத்திருக்கும் துப்பாக்கி பெண்ணைக் காக்கும் என்ற விளம்பரத்தையும் நான் நம்புகிறவள் அல்ல. ஆனால் விளையாட்டுகளின் விதிப்புத்தகங்கள் வரலாற்று மாணவிகளுக்கு அரிய ஆவணங்கள் என்று நினைக்கிறேன். சட்டப் புத்தகம் ‘குடிமகன்’ என்று எழுதிவிட்டு அவனுக்கு உடம்பே இல்லாததுபோல் நடந்துகொள்ள முடியும். விளையாட்டு விதிப்புத்தகத்துக்கு அந்த வசதி கிடையாது. அது மில்லிமீட்டரும் கிராமும் எழுதியாக வேண்டும். எழுதும்போது யாருடைய கையை, யாருடைய இடுப்பை அளந்தார்கள் என்பதும் வெளியே வந்துவிடும்.

பிரிவுகள் இல்லாத தொடக்கம்

நமக்குத் தெரிந்த துப்பாக்கிச் சுடுதல் ஒலிம்பிக்கில் பார்ப்பது. மனு பாக்கர் ஒரு கையை நீட்டி, மறு கையை இடுப்பருகே வைத்துக்கொண்டு, 10 மீட்டர் தூரத்து இலக்கை அசையாமல் குறிபார்ப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். நடைமுறைச் சுடுதல் அதற்கு நேர்மாறு. போட்டியாளர் ஓடுவார், குனிவார், தடுப்புகளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சுடுவார், ஓட்டத்திலேயே மேகசின் மாற்றுவார். பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட வினாடிகளால் வகுப்பார்கள். வரும் எண்ணுக்கு ‘ஹிட் ஃபேக்டர்’ என்று பெயர். துல்லியமாகச் சுட்டு மெதுவாக முடித்தாலும், வேகமாக முடித்துக் குறி தவறினாலும் தோல்விதான்.

இதன் வேர் 1950களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவின் பிக் பேர் மலைப்பகுதியில் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் அதிகாரியாக இருந்த ஜெஃப் கூப்பர் அங்கே போட்டிகள் நடத்தத் தொடங்கினார். கௌபாய் படங்கள் அமெரிக்கத் திரைகளை நிறைத்திருந்த காலம் அது. உறையிலிருந்து யார் முதலில் உருவிச் சுடுகிறார் என்பதுதான் ஆரம்பப் போட்டி. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் ஷெரீஃப் துறையில் பணியாற்றிய ஜாக் வீவர், இடுப்பருகிலிருந்து ஒற்றைக் கையால் சுடாமல், இரண்டு கைகளாலும் பிடித்துக் கண் மட்டத்துக்கு உயர்த்திச் சுட்டு வெல்ல ஆரம்பித்தார். மற்றவர்களும் அவர் வழிக்கு வந்தார்கள்.

1976 மே மாதத்தில் மிசூரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் கூடிய மாநாட்டில் ஐபிஎஸ்சி பிறந்தது. கூப்பர் முதல் தலைவரானார். துல்லியம், ஆற்றல், வேகம் என்று பொருள்படும் மூன்று லத்தீன் சொற்கள் அதன் முழக்கமாயின. அப்போது எழுதிய கொள்கைகளில் இரண்டு நமக்கு முக்கியம். நற்பெயர் உள்ள எவரும் போட்டியிடலாம், தொழில் பார்க்கக் கூடாது, காவலர்களுக்கும் படையினருக்கும் மட்டும் ஒதுக்கக் கூடாது என்பது ஒன்று. துப்பாக்கி வகைகளைப் பிரிக்கக் கூடாது, எல்லாம் ஒன்றாகச் சலுகையின்றிப் போட்டியிட வேண்டும் என்பது மற்றொன்று. ஆற்றலுக்கு மட்டும் விலக்கு வைத்தார்கள். ஆற்றல் கூடிய துப்பாக்கிக்குக் கூடுதல் மதிப்பு கொடுக்கலாம் என்றார்கள்.

இன்று இந்த விளையாட்டில் பிரிவுகள் பற்றி ஓயாத விவாதம் நடக்கிறது. எந்தத் துப்பாக்கி எந்தப் பிரிவு, எத்தனை தோட்டா, எத்தனை கிராம் எடை என்று விதிகள் குவிந்திருக்கின்றன. தொடங்கியபோது பிரிவே கிடையாது. இருந்தது ஒரே ஒரு வேறுபாடு, ஆற்றல். அந்த ஒன்றையும் நடுநிலையான அளவு என்று சொல்ல முடியாது.

ஆற்றல் என்ற எண்ணின் கதை

குண்டின் எடையைக் கிரெய்ன் கணக்கிலும் வேகத்தை வினாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் வருவது ‘பவர் ஃபேக்டர்’. ஐபிஎஸ்சியின் ஸ்டாண்டர்ட் பிரிவில் 170 வந்தால் ‘மேஜர்’. ஓப்பன் பிரிவில் 160 போதும். அமெரிக்கச் சங்கமான யுஎஸ்பிஎஸ்ஏ 165 என்று வைத்திருக்கிறது. அதற்குக் குறைந்து 125 வரை ‘மைனர்’. அதற்கும் கீழே போனால் மதிப்பெண்ணே கிடையாது. இலக்கின் நடுப்பகுதியில் பட்டால் இருவருக்கும் 5 புள்ளி. அதற்கு வெளியே உள்ள பகுதியில் மேஜருக்கு 4, மைனருக்கு 3. கடைசிப் பகுதியில் மேஜருக்கு 2, மைனருக்கு 1.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16 குண்டுகளில் 12 நடுவிலும் 4 அடுத்த பகுதியிலும் படுகின்றன. மேஜர் சுடுபவருக்கு 76 புள்ளி, மைனர் சுடுபவருக்கு 72. முன்னவர் 10 வினாடியில் முடித்தால் அவருடைய ஹிட் ஃபேக்டர் 7.6. அதைப் பின்னவர் எட்ட வேண்டுமானால் ஏறத்தாழ 9.47 வினாடிக்குள் முடிக்க வேண்டும். இருவரும் ஒரே இடங்களில்தான் சுட்டார்கள். அரை வினாடிக்கு மேல் வித்தியாசம். நூறில் ஒரு பங்கு வினாடி வரை அளக்கும் விளையாட்டில் அது பெரிய தொகை.

மேஜர் என்ற கோடு பாயிண்ட் 45 தோட்டாவை மனதில் வைத்துப் போடப்பட்டது. அந்தத் தோட்டாவுக்குப் பின்னால் பிலிப்பைன்ஸ் இருக்கிறது. 1899இல் தொடங்கிய அமெரிக்க ஆக்கிரமிப்புப் போரில், தெற்குத் தீவுகளின் மோரோ வீரர்கள் பாயிண்ட் 38 குண்டு பட்ட பிறகும் முன்னேறி வந்தார்கள் என்று அமெரிக்கப் படையினர் குறைசொன்னார்கள். 1904இல் தாம்ஸன், லகார்ட் என்ற இரு அதிகாரிகள் சிகாகோவின் இறைச்சிக்கூடங்களில் உயிருள்ள மாடுகள் மீதும், மனிதச் சடலங்கள் மீதும் சுட்டுப் பரிசோதனை செய்தார்கள். பாயிண்ட் 45க்குக் குறையாத குண்டு வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். 1911இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் பிஸ்டல் அப்படி வந்தது. முக்கால் நூற்றாண்டு கழித்து விளையாட்டுக்கு விதி எழுத உட்கார்ந்தவர்கள் ‘போதுமான ஆற்றல்’ எது என்று கேட்டபோது, அந்தப் பிஸ்டலே விடையாக வந்தது. எதிரே வரும் ஆணை வீழ்த்த எவ்வளவு தேவை என்று ஒரு காலனியப் படை போட்ட கணக்கு, அட்டை இலக்குக்கு 4 புள்ளியா 3 புள்ளியா என்பதைத் தீர்மானிக்கிறது. 1999 உலகப் போட்டி பிலிப்பைன்ஸின் செபு நகரில் நடந்ததை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். அந்தத் தோட்டா யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்களுடைய நாட்டிலேயே அந்த விளையாட்டு வேர்பிடித்துவிட்டது.

1985இல் அமெரிக்க ராணுவமே பாயிண்ட் 45ஐக் கைவிட்டு 9 மில்லிமீட்டர் பெரெட்டாவுக்கு மாறியது. ராணுவத்துக்குப் போதுமானதாக இருந்த தோட்டா, விளையாட்டுக் கணக்கில் ‘மைனர்’ ஆகவே நீடித்தது.

பெண்களுக்கு மட்டும் மேஜர் கோட்டைத் தாழ்த்தினால் என்ன என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பின்னுதைப்பைக் கட்டுப்படுத்துவது பிடியாலும் நிற்கும் விதத்தாலும் பழக்கத்தாலும் வருவது. பெண்கள் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. மூன்று சொற்களில் ஆற்றலுக்கு மட்டும் ஏன் பிறப்புரிமை? குறி தவறினாலும் பலமாக இருந்தால் பாதி மன்னிப்பு என்பது எப்படி ஒரு விளையாட்டின் அடிப்படை அறமாக ஆனது? ஒல்லியான ஆணும் கேட்கக்கூடிய கேள்விதான் இது. பெண்ணிய வாசிப்பு அதைக் கேட்கப் பழக்குகிறது, அவ்வளவுதான்.

ஓட்டப்பந்தயம் துப்பாக்கிக்குள் போனது

சலுகை கிடையாது, வகைப்பிரிவு கிடையாது என்றால் அடுத்து என்ன நடக்கும்? வசதி உள்ளவர்கள் துப்பாக்கியை மாற்றுவார்கள். 1980களில் ராப் லேதம், பிரையன் ஈனோஸ் போன்றவர்களின் தலைமுறை பாயிண்ட் 38 சூப்பர் தோட்டாவையும், குழல் முனையில் வாயுவை மேல்நோக்கித் திருப்பி உதைப்பைக் குறைக்கும் காம்பென்சேட்டரையும் கொண்டுவந்தது. அதே மேஜர் எண்ணை எட்டியபடியே துப்பாக்கி குறைவாகத் துள்ளியது. பிறகு தோட்டாக்களை இரட்டை வரிசையில் அடுக்கும் பருத்த மேகசின்கள் வந்தன. 1990களின் தொடக்கத்தில் கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி தெரியும் குறிபார்க்கும் கருவி வந்தது. உறையும் எலும்புக்கூடு போல் இளைத்தது. இடுப்பில் வைத்து நடமாடும் துப்பாக்கிக்கும் போட்டித் துப்பாக்கிக்கும் சம்பந்தம் அறுந்துவிட்டது. நடைமுறை என்ற சொல்லை இந்த விளையாட்டுக்குத் தந்த கூப்பரே இதைக் கண்டு கசந்துபோனார்.

பிரிவுகள் இப்படித்தான் பிறந்தன. எல்லா மாற்றங்களையும் அனுமதிக்கும் ஓப்பன் ஒரு பக்கம். சிவப்புப் புள்ளியும் காம்பென்சேட்டரும் இல்லாத லிமிடெட் அல்லது ஸ்டாண்டர்ட் மறுபக்கம். ஸ்டாண்டர்ட் துப்பாக்கி, மேகசினோடு சேர்த்து, 225 மில்லிமீட்டர் நீளமும் 150 மில்லிமீட்டர் உயரமும் 45 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்று ஐபிஎஸ்சி விதித்தது. 1994இல் அமெரிக்க அரசு பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் புதிய மேகசின்களின் விற்பனையைத் தடைசெய்தபோது, அதற்கென லிமிடெட் 10 என்று ஒரு பிரிவு முளைத்தது. 1996இல் பில் வில்சன், கென் ஹேக்கத்தார்ன் முதலானோர் இந்தப் பந்தயமே வேண்டாம் என்று விலகி ஐடிபிஏ என்ற தனி அமைப்பைத் தொடங்கினார்கள். 2000 வாக்கில் கடையில் வாங்கிய துப்பாக்கியோடு வரலாம் என்ற உறுதியுடன் ப்ரொடக்‌ஷன் பிரிவு வந்தது. பிறகு ரிவால்வர், பழைய ஒற்றை வரிசைத் துப்பாக்கி, சிவப்புப் புள்ளி பொருத்திய சாதாரணத் துப்பாக்கி என்று வளர்ந்து, யுஎஸ்பிஎஸ்ஏவில் ஒரு கட்டத்தில் ஒன்பது பிரிவுகள் ஆயின.

ஒவ்வொரு பிரிவின் பின்னாலும் யாரோ ஒருவருடைய முறையீடு இருக்கிறது. சிவப்புப் புள்ளிக்குத் தனி இடம் கேட்டவர்கள் அடிக்கடி சொன்ன காரணங்களில் ஒன்று வயது. நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு முன்குறியும் இலக்கும் ஒருசேரத் தெளிவாகத் தெரிவதில்லை, புள்ளி இருந்தால் நாங்களும் ஆடலாம் என்றார்கள். நியாயமான முறையீடுதான். புள்ளி விற்கும் நிறுவனங்களுக்கும் அது பிடித்திருந்தது. அந்தக் கண்களுக்குப் பிரிவு கிடைத்தது. ஆனால் சின்னக் கை?

தொழிற்சாலை நினைத்த கை

ப்ரொடக்‌ஷன் பிரிவு ஏழைக்கும் புதியவருக்கும் திறந்த வாசல் என்று சொல்லப்பட்டது. ஓப்பன் துப்பாக்கி சில ஆயிரம் டாலர்கள். ப்ரொடக்‌ஷனுக்குச் சில நூறு டாலர்கள் போதும். எல்லோரும் மைனர்தான், ஆகவே ஆற்றலுக்குத் தனிப் பரிசு இல்லை. கையில் காசு குறைவாகவும், வார இறுதி தன்னுடையதாக இல்லாமலும் வாழும் பெண்களுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது என்று நானும் நினைக்கிறேன்.

ஆனால் வாசலின் உயரத்தை யார் அளந்தார்கள்? பந்தயம் திரும்பி வந்துவிடக் கூடாது என்பதற்காகத் துப்பாக்கியின் வெளிப்புறத்தில் கைவைக்க இந்தப் பிரிவு தடைவிதித்தது. பிடியைச் சீவி மெலிதாக்கக் கூடாது. ஐபிஎஸ்சியில் முதல் சுடலுக்கு விசையின் இழுப்பு எடை குறைந்தது 2.27 கிலோ இருக்க வேண்டும் என்றிருந்தது. எல்லாச் சுடல்களுக்கும் 1.36 கிலோ என்ற மாற்று வழி பின்னாளில்தான் சேர்ந்தது. தொழிற்சாலை எப்படி அனுப்பியதோ அப்படியே என்பதுதான் நியாயத்தின் இலக்கணம். தொழிற்சாலையோ ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் விற்பதற்காக, அங்கே பெரும்பான்மையாக இருந்த ஆண்களின் கைக்கு வார்த்த பிடி அது. இரட்டை வரிசை மேகசினுக்காகப் பருத்த பிடியைச் சுற்றி, சின்னக் கையின் விரல் விசையை எட்ட வேண்டுமானால், உள்ளங்கையை ஒரு பக்கம் நகர்த்த வேண்டும். நகர்த்தினால் குழலும் முன்கையும் ஒரே நேர்கோட்டில் இருப்பதில்லை. அந்த நிலையில் இரண்டே கால் கிலோ இழுக்க வேண்டும். முடியாது என்று சொல்லவில்லை. பெண்கள் இழுத்தார்கள், வென்றார்கள். எல்லோருக்கும் பொதுவான இந்த விதி எல்லாக் கைகளிடமும் ஒரே விலை கேட்பதில்லை என்றுதான் சொல்கிறேன்.

தீர்வு விதிப்புத்தகத்திலிருந்து வரவில்லை, சந்தையிலிருந்து வந்தது. 1990களின் இறுதியில் வந்த வால்தர் பி99 போன்ற துப்பாக்கிகளில் பிடியின் பின்பகுதியைக் கழற்றி, சிறியதோ பெரியதோ மாட்டிக்கொள்ளலாம். பிறகு பல நிறுவனங்கள் அதைப் பின்பற்றின. தொழிற்சாலையே பெட்டிக்குள் வைத்து அனுப்புவதால் அது சட்டப்படியான ‘அசல்’ ஆகிவிட்டது. பெண் தன் கைக்கேற்பச் சீவினால் மோசடி. நிறுவனம் மூன்று அளவு செய்து விற்றால் அசல்.

ப்ரொடக்‌ஷனும் பந்தயத்திலிருந்து தப்பவில்லை. 2016இல் வந்த சிஇசட் ஷேடோ 2 என்ற எஃகுத் துப்பாக்கி 1.3 கிலோ எடை கொண்டது. அதே பிரிவில் ஆடக்கூடிய க்ளாக் 17 இதில் பாதி எடைதான் இருக்கும். கனமான துப்பாக்கி குறைவாகத் துள்ளும். நாள் முழுக்க நீட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும், விலையும் அதிகம். எளிய வாசல் மீண்டும் ஒரு படி உயர்ந்தது.

பொருளுக்குப் பிரிவு, ஆளுக்கு வகை

இந்த விளையாட்டின் சொல்லாட்சியில் நுட்பமான ஒரு வேறுபாடு உண்டு. ‘பிரிவு’ துப்பாக்கிக்கு உரியது, ‘வகை’ ஆளுக்கு உரியது. பிரிவுதான் போட்டி. ஓப்பனில் வென்றவர் ஓப்பன் சாம்பியன். வகை என்பது அதே முடிவுப் பட்டியலிலிருந்து பொறுக்கியெடுத்த உட்பட்டியல். லேடி, ஜூனியர், சீனியர், சூப்பர் சீனியர் என்று வகைகள் வரிசையாக வருகின்றன. இளையவர் வளர்ந்ததும் ஜூனியர் வகையைவிட்டு வெளியேறுவார். லேடி வகையில் நுழைந்தவர் வெளியேறுவதில்லை. வளராதவர்களுக்கும் தளர்ந்தவர்களுக்கும் நடுவில் பெண்ணை உட்காரவைத்த அந்த வரிசை, ‘லேடி’ என்ற அந்தச் சொல், இரண்டுமே 1970களின் மரியாதை.

ஆனாலும் ஒலிம்பிக் சுடுதலின் வரலாற்றை அருகில் வைத்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் மறுபக்கம் தெரியும். 1968இல் மெக்ஸிகோ நகரில் மூன்று பெண்கள் முதல்முறையாக ஒலிம்பிக் சுடுதலில் ஆண்களோடு போட்டியிட்டார்கள். 1976இல் மான்ட்ரியாலில் அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக், லேனி பாஷமோடு 1162 என்று சமமாக முடித்தார். சமநிலையைத் தீர்க்கும் விதி தங்கத்தைப் பாஷமுக்குக் கொடுத்தது. தேசியகீதம் ஒலித்தபோது பாஷம் அவரை மேல்படிக்கு இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். 1984இல் பெண்களுக்கெனத் தனிப் போட்டிகள் வந்தன. பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ஸ்கீட் போட்டி பொதுவாகவே நீடித்தது. 1992இல் பார்சிலோனாவில் சீனாவின் ஜாங் ஷான் இறுதிக்கு முன் 200க்கு 200 சுட்டு, மொத்தம் 223உடன் ஆண்களை வென்று தங்கம் பெற்றார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும் என்றானது. பெண்களுக்கு ஸ்கீட்டே இல்லை. 2000இல்தான் தனியாக வந்தது.

தனி அறை கிடைத்தபோது அறையின் அளவும் குறைந்தது. பெண்கள் ஏர் ரைஃபிளில் 40 முறை சுடுவார்கள், ஆண்கள் 60. மூன்று நிலை ரைஃபிளில் பெண்களுக்கு 60, ஆண்களுக்கு 120. ரைஃபிளின் எடை வரம்பு ஆண்களுக்கு 8 கிலோ, பெண்களுக்கு 6.5 கிலோ. பாலினம் அங்கே கருவி விதியாகவே எழுதப்பட்டது. 2018இல்தான் சுடல்களின் எண்ணிக்கை சமமானது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனின் தலைமுறை அந்த 60ஐச் சுட்டே மேலே வந்தது.

நடைமுறைச் சுடுதலில் அப்படி ஒருநாளும் நடக்கவில்லை. பெண் ஓடும் தூரமும், சுடும் இலக்கும், எட்ட வேண்டிய பவர் ஃபேக்டரும் ஆணுக்கு உள்ளவையே. யுஎஸ்பிஎஸ்ஏவில் 95 சதவீதம் எட்டினால் கிராண்ட் மாஸ்டர், அந்த அளவுகோலும் எல்லோருக்கும் ஒன்றே. 2010களில் ஜெஸ்ஸி டஃப் அந்தத் தரத்தை எட்டிய முதல் பெண் என்று அறியப்பட்டபோது, அவர் ‘பெண்களில்’ கிராண்ட் மாஸ்டர் ஆகவில்லை, கிராண்ட் மாஸ்டர் ஆனார். எல்லோரும் ஒன்றாக, சலுகையின்றி என்று 1976இல் துப்பாக்கிகளை நினைத்து எழுதிய கொள்கை, எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடிய அளவைத் தாண்டிப் பெண்களுக்குப் பயன்பட்டது.

பிரிவு பெருகினால் யார் கரைகிறார்கள்?

இங்கேதான் பிரிவுகள் பற்றிய விவாதம் பெண்களின் விவாதமாகிறது. பிரிவு கூடினால் எல்லோருக்கும் நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் ஒரு பிரிவில் ஒரு வகையை அங்கீகரிக்கக் குறைந்தது 5 போட்டியாளர்கள் வேண்டும் என்று ஐபிஎஸ்சி விதி சொல்கிறது. ஒரு போட்டிக்கு 18 பெண்கள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிரிவுகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் 9 பேர், இரண்டிலும் லேடி வகை உண்டு. ஆறு பிரிவுகளில் மூன்று மூன்று பேராகச் சிதறினால் ஒன்றில்கூட லேடி வகை கிடையாது. வந்தவர்கள் அதே 18 பேர்தான். துப்பாக்கிக்கு நியாயம் செய்யப்போய்ப் பெண்கள் கணக்கிலிருந்து கரைந்துவிட்டார்கள். ஒன்பது பிரிவுகளில் சிதறினாலும் ஆண்களுக்கு இந்தக் கவலை கிடையாது. அவர்கள் வகையாக எண்ணப்படுவதில்லை.

அங்கீகாரம் என்பது கோப்பை மட்டுமல்ல. முடிவுப் பட்டியலில் பெயர் வந்தால்தான் அடுத்த ஆண்டு நிதி கேட்கலாம், அணியில் இடம் கேட்கலாம், வீட்டில் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை கேட்கலாம். ஆகவே புதிய பிரிவு ஒன்றை முன்மொழியும்போது, எந்தத் துப்பாக்கிக்கு இடம் கிடைக்கிறது என்பதோடு, யார் யார் ஒருவருக்கொருவர் எட்டாத அறைகளுக்குப் பிரிந்து போகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். பெண்களைப் பிரிவுவாரியாக மட்டும் எண்ணாமல், போட்டி முழுவதற்குமாக எண்ணி, அவரவர் பிரிவில் பெற்ற சதவீதத்தை வைத்து ஒரு பட்டியல் போடலாம். அதற்குப் புதிய கணிதம் எதுவும் தேவையில்லை.

விதிகள் மாறக்கூடியவை என்பதற்கு இந்த விளையாட்டே சாட்சி. அதன் இலக்குகளில் ஒருகாலத்தில் தலை இருந்தது. மனித உருவத்தை நோக்கிச் சுடுவது பல நாடுகளில் கேள்விக்குள்ளானது. இன்று ஐபிஎஸ்சியில் தலையில்லாத பல்கோண அட்டைதான் இலக்கு. எதிரே ஓர் ஆண் வருகிறான் என்ற கற்பனையையே கைவிட முடிந்த விளையாட்டுக்கு, அந்த ஆணை வீழ்த்தப் போட்ட எண்ணையும், அவனை வீழ்த்தும் இன்னோர் ஆணின் கையளவையும் மறுபரிசீலனை செய்வது பெரிய காரியம் அல்ல.

அந்தப் பெல்ட் விதியையும் இப்படிப் பார்க்கலாம். இடை மட்டத்தில் கட்டினால், இடுப்பு அகன்ற உடலில் உறையின் அடிப்பகுதி வெளியே தள்ளப்படும், துப்பாக்கியின் பிடி விலா எலும்பில் குத்தும். மேலுடல் குட்டையாக இருந்தால் உருவும் முழங்கை அக்குளுக்கு மேலே எழ வேண்டியிருக்கும். பெல்ட்டிலிருந்து துப்பாக்கி 50 மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது என்ற விதியும் பல பிரிவுகளில் இருப்பதால், உறையை விலக்கி மாட்டவும் வழியில்லை. ஐடிபிஏவும் இதே சிக்கலைச் சந்தித்து, சற்றே தாழ்ந்து விலகி நிற்கும் உறையைப் பெண்களுக்கு அனுமதித்தது. இரண்டு அமைப்புகளும் விதியை அப்படியே வைத்துக்கொண்டு, பெண்ணை விலக்காக எழுதின.

இன்னொரு விதமாகவும் எழுதியிருக்கலாம். பெல்ட்டை இடையிலோ இடுப்பெலும்பிலோ, உடலுக்கு ஏற்ற ஓர் இடத்தில் அசையாமல் கட்ட வேண்டும் என்று ஒரே வரி. மேலுடல் குட்டையான ஆணுக்கும், தொந்தி விழுந்த சீனியருக்கும் அது உதவியிருக்கும். பெண் என்ற சொல்லே அங்கே தேவைப்பட்டிருக்காது. விதிவிலக்கு கிடைத்ததற்கு நன்றி சொல்வதா என்று என்னைக் கேட்டால், பெல்ட்டைக் கட்டிக்கொண்டு சுடப் போகலாம், விதியைத் திருத்தக் கேட்டு மனுவும் எழுதலாம் என்பேன். இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம்.